கொடைக்கு லைட் கட்டுகிறவரிடம் இனி பேரம் பேச மாட்டேன்



சித்திரைக் கொடைக்கு வரி போட்டாச்சு. வாட்ஸ்அப் குழுவில் நேற்று பூராவும் அதே பேச்சுதான். மேளம் எந்த ஊர், வில்லுப்பாட்டு யார், வாணவேடிக்கை எவ்வளவு என்று எல்லாவற்றையும் படித்தேன். வில்லுப்பாட்டுக்குக் கேட்ட தொகைக்கு ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை. வாணவேடிக்கைக்கு போன தடவையைவிடக் கூடுதலாகவே போடச் சொன்னீர்கள். லைட் செட்டுக்கு 58,000 என்று ஒரு கொட்டேஷன் தாளைப் போட்டோ பிடித்துப் போட்டதும்தான் ஆளாளுக்குக் கொதித்துவிட்டீர்கள். "அநியாய ரேட்", "பாதிக்கு அடிங்க", "ஆன்லைன்ல சீரியல் செட் வாங்கிட்டா நம்ம பையங்களே கட்டிருவாங்க". கடைசியாகச் சொன்னதற்கு முப்பது பேருக்கு மேல் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் படித்தவர்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. நான் விளக்குக்கு எதிரி இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது கொடைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குதான். முதன்முதலில் கோயில் முகப்பில் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்பு ஓடிய வருஷம், நான் சாமி பார்க்காமல் பல்பையே பார்த்துக்கொண்டு நின்று எங்க அப்பாவிடம் அடி வாங்கினேன். பிற்பாடு நான் இயற்பியல் படித்ததற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம். தேரிக்காட்டு வெயிலில் வருஷம் முழுக்க வெளிறிக் கிடக்கிற ஊர் நம்முடையது. மூணு ராத்திரி அது ஜொலிக்கட்டும். அதற்காக வரி கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் வருத்தம் வேறு. அதைச் சொல்ல 2017 கொடைக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் கமிட்டிப் பொருளாளர் நான். லைட் கட்ட வந்தவர் எட்டாம் வகுப்புவரை என்னிடம் படித்தவர். பிறகு வேலை பழகி, வயர்மேன் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக லைட் செட் வைத்திருந்தார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றார்.

அவர் கேட்டது 45,000. நான் 32,000-க்கு இறக்கினேன். வாத்தியார் என்கிற உரிமை, ஊர்க்காரன் என்கிற உரிமை, "அம்மன் காரியம்டே" என்கிற ஆயுதம் எல்லாவற்றையும் பயன்படுத்தினேன். கடைசியில் அவர் சொன்னார்: "சார், இந்த ரேட்டுக்கு ராத்திரி ஆள் போட முடியாது. கட்டிக் குடுத்துட்டுப் போயிருவோம். பாத்துக்கிடுங்க." நான் சொன்னேன்: "அது பரவாயில்ல, நம்ம பயலுவ பாத்துக்கிடுவானுவ." 13,000 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று கூட்டத்தில் எனக்குத் துண்டு போட்டார்கள். நானும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய் ராத்திரி மணி பதினொன்று இருக்கும். வில்லுப்பாட்டு நடக்கிறது. நுழைவு ஆர்ச்சில் ஒரு சரம் மட்டும் அணைந்துவிட்டது. 'பாத்துக்கிடுற' பையன்களில் ஒருவன், பத்தாம் வகுப்பு எழுதி முடித்தவன், ஏணி வைத்து ஏறினான். ஒரு இடத்தில் ஒயர் அறுந்திருந்தது. விளக்கு எரியாத சரத்தில் கரண்ட் ஏது என்று நினைத்து, அறுந்த முனையைக் கையால் பிடித்து முறுக்கப் போனான். இன்னொரு கை இரும்புக் கம்பத்தில்.

யாரோ ஓடிப் போய் மெயினை இறக்கினார்கள். பையன் கீழே விழுந்தான். உயிர் பிழைத்தான், அம்மன் புண்ணியம். வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

இப்போது பாடத்துக்கு வாருங்கள். சீரியல் செட் என்றால் பெயரிலேயே இருக்கிறது, தொடர் இணைப்பு. ஒரு இடத்தில் அறுந்தால் சரம் முழுக்க அணையும். சரி. ஆனால் அறுந்த முனைகளில் ஒன்று இன்னும் ஃபேஸோடு சேர்ந்தேதான் இருக்கிறது. எரியும்போது வரிசையாக இருக்கிற விளக்குகள் பங்கு போட்டுக்கொண்ட 230 வோல்ட்டும், அறுந்தபிறகு அந்த ஒரு இடைவெளியில் வந்து நிற்கிறது. குளத்து மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடாதுதான். அதற்காக மடைக்குப் பின்னால் குளம் வற்றிவிட்டது என்று அர்த்தமா? எரிகிற சரத்தைவிட அணைந்த சரம் ஆபத்து. முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு வகுப்பிலாவது இந்த ஒரு வரியைச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. மொத்த மின்தடை கண்டுபிடிக்கிற கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஃபியூஸ் இருக்கே, ட்ரிப்பர் இருக்கே" என்பீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். ஒரு மனுஷனைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். அந்த ட்ரிப்பருக்கு, ஏணியில் ஒரு பையன் துடிப்பது தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது ஆர்.சி.சி.பி. என்கிற வேறொரு சாதனம். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் கண் இமைக்கிற நேரத்தில் துண்டித்துவிடும். அதன் விலை, நாம் ஒரு ராத்திரி கொளுத்துகிற வெடியில் ஒரு சின்னப் பங்கு. 32,000-க்குக் கட்டினபோது அது இல்லை. நானும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னது விபத்து. நான் செய்த தப்பு இதற்குப் பிறகுதான்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். பழி முழுக்க லைட்காரர் மேல். "பழைய ஒயரைக் கட்டிட்டான்", "பொறுப்பில்லாம போயிட்டான்" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவருக்குத் தர வேண்டிய பாக்கி 7,000-ஐ நிறுத்தி வைத்தார்கள். ராத்திரி ஆள் நிறுத்த முடியாது என்று அவர் முன்னாடியே சொன்னதும், பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டதும் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாசம் கழித்து அந்த 7,000-ஐ என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கவில்லை. "காசு கெடக்கட்டும் சார். எம்மேல தப்பில்லன்னு கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லிருந்தீயன்னா போதும்" என்றார். அவர் பெண்சாதி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். நம்ம ஊர்க் கொடைக்கு அதன்பிறகு அவர் வந்ததில்லை.

அந்த ஒரு வார்த்தையை இப்போது எல்லோர் முன்னிலும் சொல்கிறேன். தப்பு அவர் மேல் இல்லை. ஆள் போட வேண்டாம் என்று ஒத்துக்கொண்டவன் நான்.

நீங்கள் நேற்று கேலி செய்த அந்த 58,000 ரூபாய் கொட்டேஷன் அவருடையதுதான். நம்ம இளவட்டங்கள் பழசு தெரியாமல் போய்க் கேட்டிருக்கிறார்கள், அவரும் மறுக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேலே தொகையை மட்டும் பார்த்தீர்கள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்தீர்களா? கட்ட இரண்டு நாள், அவிழ்க்க ஒரு நாள், ஐந்து ஆள் கூலி. லாரி வாடகை. ஜெனரேட்டர், டீசல், எர்த் ராடு. ஆர்.சி.சி.பி. வைத்த போர்டு. மூணு ராத்திரியும் விடியவிடிய இரண்டு ஆள் காவல். போன தடவை நான் வெட்டின அதே வரி. இந்தத் தடவை கேட்காமலே எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் யோசியுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி, அப்புறம் ஆடி. இந்தச் சில மாசம்தான் அவருக்குப் பிழைப்பு. மழைக் காலத்தில் குடோனில் ஒயரை எலி கடிக்கும். கொடைக் காலத்தில் நம்ம வெயில் கடிக்கும். ஒயரின் தோல் காய்ந்து வெடித்துவிடும், இணைப்பில் சுற்றின டேப்பு பசை இளகிக் கழன்று தொங்கும். குளிர்ப் பிரதேசத்தில் பத்து வருஷம் வருகிற சரக்கு நம்ம ஊரில் அத்தனை வருஷம் வராது. ரேட்டைப் பாதியாக அடித்தால் அவர் எதில் குறைப்பார்? டீசலில் குறைக்க முடியாது, லாரியில் முடியாது. புது ஒயரிலும் ஆளிலும்தான் குறைக்க முடியும்.

"இத்தனை வருஷம் நாமளே கட்டலியா, என்ன ஆச்சு?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. அப்போது கட்டினது நாலு டியூப்லைட்டும் ரெண்டு சரமும். இப்போது தெரு முனையிலிருந்து கோயில் வரை ஆர்ச், முப்பது அடி கட்அவுட், சப்பரம் முழுக்க லைட். வேலை மாறிவிட்டது. தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் என்ன ஆனது? 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாவில், அலங்கரித்த சப்பரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரியில் கல்யாண வீட்டுக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாம் நம்மைப் போலச் சந்தோஷமாக விழாவுக்கு வந்தவர்கள்தான்.

ஊர்ப் பணம் ஏழை வீட்டிலிருந்தும் வருகிறது, அதைக் கண்டபடி இறைக்கக் கூடாது என்கிற வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் விளக்கைக் குறையுங்கள். தெரு முனை ஆர்ச் வேண்டாம், கட்அவுட் ஒன்று போதும். அவரிடமே கேளுங்கள், அதற்குத் தக்கபடி தொகையைக் குறைத்து எழுதித் தருவார். விளக்கு எத்தனை குறைந்தாலும் அம்மன் கோவிக்க மாட்டாள். ஆனால் இருக்கிற விளக்குக்குக் காவல் ஆளையும், போர்டையும், எர்த்தையும் வெட்டாதீர்கள்.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஈபி ஆபீஸில் பணம் கட்டித் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், கம்பியில் கொக்கி போடுகிற பேச்சே வேண்டாம். சப்பரம் போகிற பாதையில் மேலே எங்கெங்கே கம்பி தாழ்வாகப் போகிறது என்று முன்கூட்டியே நடந்து பார்த்து, அந்த நேரம் லைனை நிறுத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஈபியில் வேலை பார்க்கிற நம்ம பையன்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், இதற்கு நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். எந்தச் சரம் அணைந்தாலும் பையன்கள் ஏணியைத் தொடக் கூடாது, காவல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளே, வெடிக்கு என்று தனியாக அனுப்புகிற பணத்தை இந்தத் தடவை லைட் கணக்கில் சேருங்கள். முதல் வரவாக என் பென்ஷனிலிருந்து 7,000 எழுதிவிட்டேன். எந்த 7,000 என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

நாளை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். கமிட்டித் தம்பிகள் இரண்டு பேர் கூட வாருங்கள். நான் பேரம் பேச ஆரம்பித்தால் என் வாயைப் பொத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்