பட்டன் மாத்தலாம் சார், ரேகை வராது

இருபத்தோரு வருஷ பேங்க் சர்வீஸில் எத்தனையோ பூட்டுகளைப் பார்த்தாச்சு. ஒரு ரூபாய் காசைவிடச் சின்னதாக ஒரு பட்டன் எங்கள் வீட்டை ஒரு மாசம் ஆட்டி வைக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

அம்மா எங்களோடு டெல்லிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. க்ளாக்கோமாவில் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. கையில் இருப்பது என்னுடைய பழைய போன், கீழே வட்டமாக ஒரு பள்ளம் இருக்குமே, அந்த ரகம். பள்ளத்தைத் தடவி விரலை வைத்தால் திறந்துவிடும். அப்புறம் குரலாலேயே "தங்கச்சியைக் கூப்பிடு" என்பார். மன்னார்குடியில் சித்தி எடுப்பார். தினம் சாயங்காலம் நாலு மணிக்கு இது நடந்தாக வேண்டும்.

போன மாதம் சமையலறையில் போன் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. பக்கத்துக் கடையில் கொடுத்தேன். கண்ணாடி புதிதாக வந்தது, ரேகை போய்விட்டது. பட்டனிலிருந்து உள்ளே போகும் காகிதம் மாதிரியான ஒரு பட்டை ஒயர், கண்ணாடியைக் கழற்றும்போது கிழிந்திருக்கிறது. கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பட்டன் மாத்தலாம் சார், ரேகை வராது. நம்பர் போட்டுத் திறந்துக்கோங்க." இந்தியில் சொன்னார், எந்த மொழியில் சொன்னாலும் எரிச்சல் ஒன்றுதான்.

அம்மாவுக்கு நம்பர் மனப்பாடம். கண்ணுக்குத்தான் கட்டம் தெரியாது. "அம்மாடி, கொஞ்சம் திறந்து குடேன்" என்று பேத்தியிடம் கேட்பார். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. "ஒரு நிமிஷம் பாட்டி" என்பாள், அது கால் மணி நேரம் ஆகும். பத்து நாளில் அம்மா கேட்பதையே நிறுத்திவிட்டார். அதைக்கூட நான் கவனிக்கவில்லை, சித்தி எனக்குப் போன் செய்து "அக்காவுக்கு உடம்பு சரியில்லையாடா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

பூட்டையே எடுத்துவிட்டால் போச்சு என்றார் தங்கமணி. அதில்தான் அம்மாவின் குடும்ப பென்ஷன் கணக்கு இருக்கிறது, காய்கறிக்காரருக்கு யூபிஐயும். 2025 அக்டோபரில் பின் எண்ணுக்குப் பதிலாக முகமோ ரேகையோ காட்டி யூபிஐயில் பணம் அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. பூட்டில்லாத போன் தொலைந்து கவுண்டரில் வந்து அழுபவர்களை நான் பார்க்கிறேன், அவர் பார்ப்பதில்லை. புதுப் போன் வாங்கலாம்தான். அதில் பள்ளம் கிடையாது, வழவழவென்று இருக்கும் கண்ணாடியில் எங்கே விரல் வைப்பது என்று அம்மா தேட வேண்டும்.

பட்டனை மாற்றினால் ரேகை ஏன் வராது? நம் ரேகை பட்டனுக்குள் இல்லை. போனின் மூளையில் ஒரு தனிப் பெட்டகத்தில் இருக்கிறது. பட்டன் வெறும் வாசல் காவலாளி. தொழிற்சாலையிலேயே அந்தக் காவலாளிக்கும் பெட்டகத்துக்கும் ஒரு ரகசியச் சொல் பேசி வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் வந்து நின்றால் பெட்டகம் வாயைத் திறக்காது. திருடன் போலிப் பட்டனை வைத்து ஏமாற்றக் கூடாதே! இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அடுத்த படியில். லாக்கர் சாவி தொலைந்தால் பேங்கில் என்ன செய்கிறோம்? எழுதி வாங்கிக்கொண்டு, செலவைக் கட்டச் சொல்லி, அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கை வரவழைத்து, வாடிக்கையாளர் முன்னாலேயே உடைத்துப் புதுப் பூட்டு போடுகிறோம். பக்கத்து லாக்கருக்கு ஒரு கீறல் விழாது. "சாவி போச்சு, இனி இந்த லாக்கர் உமக்குக் கிடையாது" என்று நான் சொன்னால் ரிசர்வ் வங்கி என்னைச் சும்மா விடுமா? பாதுகாப்புக்கும் ரிப்பேருக்கும் பகை இல்லை. அந்த ரகசியச் சொல்லைப் புதுப் பட்டனுக்குச் சொல்லிக் கொடுக்கும் கருவியைத் தகுதியுள்ள வெளி மெக்கானிக்குகளுக்கும் காசு வாங்கிக்கொண்டு தரட்டுமே. தரமாட்டேன் என்பது பாதுகாப்பு இல்லை, வியாபாரம்.

இது பழைய வழக்குதான். வெளியில் பட்டன் மாற்றிய ஐபோன் 6 பலருக்கு மென்பொருள் புதுப்பித்ததும் "எர்ரர் 53" என்று காட்டிச் செங்கல்லாகிப் போனது. 2016 பிப்ரவரியில் கூச்சல் கிளம்பியதும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுச் சரி செய்தது. ஆனாலும் வெளியாள் கை வைத்த போனுக்கு நிவாரணம் இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக 2018 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் இப்படிப் பாகங்களை ஜோடி சேர்த்துப் பூட்டி ரிப்பேரைத் தடுப்பதற்கே தடைச் சட்டம் போட்டது. 2025க்குப் பிறகு விற்கும் பொருளுக்குத்தான், போகட்டும். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்குக் குழு போட்டார்கள், டிசம்பரில் இணையதளம் வந்தது, 2025 மே மாதம் போன்களுக்கு ரிப்பேர் மதிப்பெண் தரலாம் என்று அறிக்கையும் வந்தது. மதிப்பெண் புதுசு வாங்கும்போது உதவும். கையில் இருப்பதற்கு?

கடைசியில் மயூர் விகாரில் மெட்ரோ ஏறி கரோல் பாக் போய் கஃபார் மார்க்கெட்டில் நுழைந்தேன். நாலு கடையில் அதே பதில். ஐந்தாவதில் தர்பங்காவிலிருந்து வந்த பையன், இருபத்தைந்து இருக்கும், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "பழைய பட்டனைத் தூக்கிப் போட்டுடலையே அங்கிள்?" என்றான். நல்ல வேளை, போடவில்லை. பழைய காவலாளியே திரும்பினால் பெட்டகம் பேசும். கிழிந்த பட்டையில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை வைத்து ஒட்டுப் போட வேண்டும், வந்தால் 1,500 ரூபாய், வராவிட்டால் காசு வேண்டாம் என்றான்.

கடைச் சீட்டில் "லாக் நம்பர்" என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக நிரப்பியிருந்தார்கள். ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று நான் தினம் தொண்டை வற்றக் கத்துகிறேன், ஜனங்கள் இங்கே வந்து சாவியையே எழுதிக் கொடுக்கிறார்கள்! சோதிக்கும்போது நானே போடுகிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம். பையன் கோபித்துக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்தான்.

வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் தன்னால் முடியாது என்றும் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் மூன்றரைக்கே அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நாலு மணிக்குப் பள்ளத்தைத் தடவி விரலை வைத்து, சித்தியிடம் முதலில் சொன்னது டெல்லியில் முருங்கைக்காய் என்ன விலை விற்கிறது என்பதைத்தானாம்.