பெற்றோருக்குத் தண்டம், நிறுவனத்துக்கு விருப்பமா?

புனே மாவட்டம் ரஞ்சன்காவ் ஆலையில் தயாராகும் டாடா நெக்ஸான் கார், 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. குழந்தைகளின் பாதுகாப்புக்குக் கிடைத்தவையோ மூன்று மட்டுமே. சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்ட பின், 2024 பிப்ரவரியில் மேம்படுத்தப்பட்ட அதே கார் இரண்டிலும் ஐந்து நட்சத்திரங்களை எட்டியது. நிர்ப்பந்தம் இருந்தால் குழந்தைகளையும் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெரியவர்களுக்கென அளவெடுத்த இருக்கைப் பட்டை குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் அழுந்தும். மோதலின் வேகத்தில் தாயின் மடியும் காவலாகாது. எனவேதான் தனி இருக்கை அவசியமாகிறது.

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டோரைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச்செல்லும் ஓட்டுநருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் மதிப்பீடோ அடிப்படையில் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. மக்களுக்குக் கட்டாயம், முதலாளிகளுக்குச் சலுகை என்பதே ஒன்றிய அரசின் நீதியாக உள்ளது.

மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். குழந்தை இருக்கைகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். உழைப்பாளர் வீட்டுக் குழந்தைகள் நெருக்கியடித்துச் செல்லும் பள்ளி வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் மாற்றாகப் போதிய அரசுப் பேருந்துகளை இயக்க வேண்டும். குழந்தையின் உயிர், வாங்கும் சக்தியைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.