வெளுத்த கொடிக்கு சல்யூட் அடிக்கலாமா?

 

போன திங்கட்கிழமை பிரேயரில் நம் பள்ளிக் கொடியை யாராவது அண்ணாந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். காவி நிறம் சந்தன நிறம் ஆகிவிட்டது. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து ஆடுகிறது. "கடற்கரை ஊருன்னா அப்படித்தான்டி" என்றாள் பக்கத்தில் நின்ற தோழி. அப்படியே விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

கொடி எதற்கு? தூரத்தில் வரும்போதே 'இது யாருடையது' என்று தெரியத்தானே! நம்ம உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அந்தக் கடற்படையின் கொடிக் கதையைக் கேளுங்கள்.

1950 முதல் அந்தக் கொடியில் ஆங்கிலேயர் காலத்துச் சிவப்புச் சிலுவைக் கோடுகள் இருந்தன. 2001-இல் அவற்றை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் நீல நிறத்தில் கடற்படைச் சின்னத்தை வைத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? வானமும் நீலம், கடலும் நீலம். கொடி சரியாகத் தெரியவில்லை! அதனால் 2004-இல் சிவப்புக் கோடுகள் திரும்ப வந்தன, நடுவில் அசோகச் சின்னத்துடன். 2014-இல் அதன் கீழே 'சத்யமேவ ஜெயதே' சேர்ந்தது. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் சேர்ந்த அன்று புதிய கொடி வந்தது. அதில் சிலுவைக் கோடுகள் இல்லை. சத்ரபதி சிவாஜியின் முத்திரையை நினைவூட்டும் எண்கோணமும், அதற்குள் நங்கூரமும் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கடற்படையே கொடியை மாற்றியது. நாம் வெளுத்துப் போன கொடியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

"நல்ல கெட்டித் துணியா வாங்குனா போச்சு" என்பீர்கள். முன்பு தேசியக் கொடிக்குக் கதர்தான். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி பாலியஸ்டர் துணிக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் எந்தத் துணியானாலும் வெயிலும் உப்புக் காற்றும் விடாது. வாடையானாலும் கச்சானானாலும், கயிறு கட்டிய பக்கம் நன்றாக இருக்கும், பறக்கிற ஓரம்தான் முதலில் கிழியும். அந்த ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகள் சொல்கின்றன. குப்பையில் போடவும் கூடாது. தனியிடத்தில் மரியாதையோடு, முடிந்தவரை எரித்து, அழித்துவிட வேண்டும்.

ராணுவத்தில் இருந்த என் தாத்தாவிடம் கேட்டேன். "வெளுத்த கொடிக்கு சல்யூட் அடிச்சா தப்பில்லம்மா. வெளுத்தது தெரிஞ்சும் மாத்தாம இருந்தாத்தான் தப்பு" என்றார்.

ஆகவே என் யோசனை இது. பள்ளியில் எப்போதும் இரண்டு கொடிகள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை என்.சி.சி. அண்ணன்கள் ஓரத்தையும் நிறத்தையும் பார்க்கட்டும். பணம்? ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டாலே புதுக் கொடி வந்துவிடும். ஒரு நாள் ஐஸ் வாங்காமல் இருந்தால் போதும்!

அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். பிறகு சொல்லுங்கள், நான் சொன்னது சரிதானா?

– பத்தாம் வகுப்பு மாணவி