காரைக் காட்டாமல் காரை விற்கப் போனார்கள்!

அமெரிக்காவில் நிசான் கம்பெனி பட்ட பாடு

சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடுமா? நடக்காது என்பது பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். ஜப்பானின் நிசான் கம்பெனி அதைத் தெரிந்துகொள்ளப் பெரும் பணத்தைக் கொட்டியது.

1989-ம் ஆண்டு. அமெரிக்கப் பணக்காரர்களிடம் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. போன்ற ஜெர்மன் கார்களுக்குத்தான் மவுசு. அந்த மார்க்கெட்டைப் பிடிக்க 2 ஜப்பான் கம்பெனிகள் ஒரே சமயத்தில் களத்தில் குதித்தன. டொயோட்டா ‘லெக்சஸ்’ என்ற பெயரிலும், நிசான் ‘இன்பினிட்டி’ என்ற பெயரிலும் புதுக் கார்களை இறக்கின.

இன்பினிட்டியின் ‘கியூ 45’ லேசுப்பட்ட கார் அல்ல. 4½ லிட்டர் என்ஜின். 278 குதிரை சக்தி. போட்டிக்கு நின்ற லெக்சஸ் காருக்கு 250-தான். கியூ 45-ன் விலை 38 ஆயிரம் டாலர்.

கல்லும் மரமும்

கார் கடைக்கு வரும் முன்பே டெலிவிஷனில் விளம்பரம் தொடங்கியது. அலை அடித்தது. மழை பெய்தது. மரக்கிளை அசைந்தது. ஒருவர் நிதானமாகப் பேசினார். அவ்வளவுதான், விளம்பரம் முடிந்தது. கார் மட்டும் வரவே இல்லை!

இயற்கையை ரசிக்கும் ஜப்பானியர் செய்த கார் என்று சொல்வது கம்பெனியின் எண்ணம். ஊரெல்லாம் பேச்சுதான். ஆனால் பாதிப் பேச்சு கேலிப் பேச்சு. கார் விற்கவில்லை, கல்லும் மரமும்தான் விற்கிறது என்று காமெடியன்கள் கிண்டல் செய்தார்கள்.

விழாத கோப்பை

லெக்சஸ் என்ன செய்தது? கார் பானெட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கியது. என்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டது. ஒரு கோப்பைகூட விழவில்லை. இந்தக் கார் குலுங்காது என்பது பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

அதே டிசம்பரில் லெக்சஸ் காரில் கோளாறு. சுமார் 8 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆட்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்க் காரை எடுத்து வந்தார்கள். பழுது பார்த்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். மானம் போகவேண்டிய இடத்தில் நல்ல பெயர் கிடைத்தது.

1990-ல் அமெரிக்காவில் விற்ற லெக்சஸ் கார்கள் 60 ஆயிரத்துக்கும் மேல். இன்பினிட்டி அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஜப்பான் பாணியில் தனி ஷோரூம் கட்டி முதல் போட்ட டீலர்கள் கையைப் பிசைந்தார்கள்.

விளம்பரம் மட்டுமா காரணம்?

பழி முழுவதையும் விளம்பரத்தின் தலையில் போட முடியாது. கியூ 45-க்கு முன்பக்கம் கிரில் இல்லை. உள்ளே மர வேலைப்பாடும் இல்லை. பணக்காரர் எதிர்பார்க்கிற பகட்டு அதில் குறைவு. இப்படிப் புதுமாதிரியாக வரும் காருக்குத்தான் ஏன், எதற்கு என்று விளக்கம் அதிகம் தேவை. விளக்க வேண்டிய நேரத்தில் மரத்தைக் காட்டிக் கொண்டிருந்தார்கள்.

பின்னால் காரையும் காட்டினார்கள், கிரில்லும் வைத்தார்கள். விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 2024-ல் அமெரிக்காவில் லெக்சஸ் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது. இன்பினிட்டி 60 ஆயிரத்தை எட்டவில்லை. 2008-ல் நுழைந்த மேற்கு ஐரோப்பாவிலோ 2020-ல் கடையையே கட்டிவிட்டது.

ஆவலைக் கிளப்பினால் கூட்டம் கூடும். சரக்கைக் காட்டினால்தான் பணப்பை திறக்கும்!