பெயின்ட் கறையும் கடைசி வரிசையும்

 

ரமலானுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் குடும்பங்களில் பழைய வழக்கம். ஷஅபான் பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்த் தெருக்களில் ஏணியும் வாளியுமாகப் பெயின்டர்களைக் காணலாம். அவர்களுள் நம் சகோதரர்களும் உண்டு. லுஹர் பாங்கு கேட்டதும் கறை படிந்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்பார்கள். "உடுப்புச் சரியில்லை ஹஜ்ரத்" என்று ஜமாஅத்துக்கே வராதவர்களும் உளர்.

பெயின்ட் நஜீஸ் அன்று. உடையில் அது பட்டிருப்பதால் தொழுகை முறியாது. இரத்தம் பட்ட ஆடையைக் கழுவிய பின் எஞ்சும் தடம் குற்றமாகாது என்னும் கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. நஜீஸின் தடத்துக்கே அந்தச் சலுகை என்றால், தூய பொருளின் தடத்துக்கு ஏன் இத்தனை கூச்சம்?

கவலை கொள்ள வேண்டிய இடம் தோல். எனாமல் காய்ந்தால் படலமாகி, உளூவின் தண்ணீரை அடியில் விடாது. மருதாணி அப்படியன்று, அது நிறம் மட்டுமே. குதிகால் நனையாமல் உளூச் செய்தோரை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சாயத் தொழிலாளியின் நகத்தில் ஒட்டியதற்கு ஹனஃபி நூல்களில் சலுகை காணப்படுகிறது. ஆயினும் இயன்றவரை நீக்குவதே பேணுதல்.

நீக்குவது கடினமும் அன்று. டிஸ்டெம்பர், எமல்ஷன் இரண்டும் தண்ணீரில் கலப்பவை. ஈரம் காயுமுன் சோப்பும் தண்ணீரும் போதும். எனாமலுக்குத் தின்னரில் கை கழுவுகிறார்கள். தோல் வறண்டு வெடித்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பின்னர் எண்ணெய்ப் பசை போகச் சோப்பிட வேண்டும். காலையிலேயே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை தொடங்கினால் இன்னும் எளிது. துணியில் பட்ட எனாமலுக்கு மட்டும் டர்பென்டைன்: அடியில் பழந்துணி வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். அடுப்பருகே வேண்டவே வேண்டாம். மொசைக் தரையில் காய்ந்த துளிகளைக் காலாவதியான ஏடிஎம் அட்டையால் நெம்பலாம். நம் வீட்டில் அதற்கென்றே ஒன்று இருக்கிறது.

இன்னொன்று. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை மிஞ்சக் கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சுவரைச் சுரண்டியவர் கை கழுவாமல் உணவில் கை வைக்கலாகாது.

இதற்கெல்லாம் அவருக்கு நேரம் வேண்டாமா? கூலி கொடுக்கும் நாம், லுஹருக்கு முன் கால் மணி நேரமும் கொஞ்சம் எண்ணெயும் சோப்பும் கொடுப்பதில்லை. மாறாக, ஸஃப்பில் அவர் அருகே வந்தால் நம் வெள்ளைச் சட்டையை நினைத்து அரையடி நகர்கிறோம். ஓதிக்கொடுக்கும் நாமே ஒரு நாள் அப்படி நகர்ந்தோம். அவர் அதைக் கவனித்தார்.

ஹவுள் அருகே ஒரு குப்பி எண்ணெயும் பழந்துணியும் வைக்க நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறோம். வரும் ஷஅபானுக்கு முன் வைத்துவிடலாம் என்றார்கள்.