தலைமேல் ஒரு நடவு

சில மாதங்களுக்கு முன்னர், நம்மிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் தம் திருமண அழைப்பிதழுடன் இராஜாக்கமங்கலத்தில் உள்ள நம் வீட்டுக்கு வந்தார். கல்லூரி நாட்களிலேயே நெற்றி ஏறத் தொடங்கியிருந்த அவருக்கு இப்போது புருவத்துக்குச் சற்று மேலேயே அடர்ந்த முடி. நாம் பார்ப்பதைக் கவனித்தவர், "ஒட்டு வச்சது மாதிரி தெரியுதா சார்?" என்று கேட்டார். "இல்லடே, நல்லாத்தான் இருக்கு" என்றோம். அது பொய்யன்று. ஆனால் அவர் விடைபெற்ற பின் நம் மனம் அமைதி கொள்ளவில்லை.

இந்த இயற்கைத் தோற்றம் எளிதில் கைகூடியதன்று. 1939இல் ஜப்பானிய மருத்துவர் ஒகுடா முடி நடும் முறையை எழுதி வைத்தார். 1952இல் நியூயார்க் மருத்துவர் ஓரென்ட்ரைக், வழுக்கை விழாத பின்தலையின் மயிர்க்கால்களை முன்தலையில் நட்டாலும் அவை தம் பழைய இயல்பையே காக்கும் என்று கண்டார். அன்று 4 மில்லிமீட்டர் அகலமுள்ள தோல் துண்டுகளாக நட்டதால் தலை பொம்மையின் தலைபோலக் காட்சியளித்தது. முடி ஒன்று முதல் நான்கு வரையிலான இயற்கைக் கொத்துகளாகவே தோலிலிருந்து எழுகிறது. அக்கொத்துகளைத் தனித்தனியே பிரித்து நடும் முறை 1990களில் பரவிய பின்னரே தோற்றம் மாறியது.

நாஞ்சில் நாட்டு வயலில் கயிறு பிடித்து வரிசையாக நடுவது அழகு. தலையிலோ வரிசையே பகை. நெற்றி விளிம்பில் ஒற்றை முடிகள் மட்டும், சற்றே ஒழுங்கற்று, ஒவ்வொன்றும் தன் சாய்வில் நிற்க வேண்டும். கொத்துகள் அதற்குப் பின்னால்தான். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் முளைக்கும். முழுப் பயனைக் காண ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

ஆனால் 'இயற்கை' வேறு, 'நிறைவு' வேறு என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. இயல்பான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். நடும்போது பொதுவாக 30 முதல் 40 வரைதான் வைக்கிறார்கள். ஏறக்குறையப் பாதி முடி போகும்வரை நம் கண் குறைவை உணர்வதில்லை என்பதால் அதுவே நிறைவாகத் தோன்றுகிறது. இச்சிகிச்சையால் தலையில் ஒரு முடியும் கூடுவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது. கன்னிப்பூவில் நாற்றுப் போதாவிட்டால் கும்பப்பூவுக்கு வேண்டுமளவு பாவிக்கொள்ளலாம். பின்தலை என்னும் நாற்றங்காலில் ஒருமுறை பறித்தது பறித்ததுதான்.

நம் மாணவருக்கு வயது 25. முதலில் பார்த்த மருத்துவர், "உதிர்வு இன்னும் நிற்கவில்லை, மருந்து எடுத்துக்கொண்டு காத்திருங்கள், பிறகு நெற்றியைச் சற்று ஏற்றியே வைப்போம்" என்றாராம். பெண்வீட்டார் காத்திருப்பார்களா? வேறோர் இடத்தில் கேட்டபடியே தாழ்வாக, நெருக்கமாக நட்டுக் கொடுத்தார்கள். அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. நட்ட முடி நிற்கும்; அதன் பின்னுள்ள சொந்த முடி உதிர்ந்துகொண்டே போகலாம். அவ்வாறானால் நாற்பது வயதில் அந்த முன்வரிசை, கடல் சூழ்ந்த திட்டுபோலத் தனித்து நிற்கும். அதை நிரப்ப நாற்று மிஞ்சியிருக்குமா?

அவசரத்தின் விலை இதனினும் கொடியதாகலாம். 2016 மே மாதத்தில், சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது இதற்குப் போதிய பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுதி அறிவிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு அடர்த்தி, என்ன விலை என்று கேட்பவர்கள், கத்தி யார் கையில் என்றும் கேட்க வேண்டும்.

நாம் இச்சிகிச்சைக்கு எதிரியல்லோம். வள்ளுவர் நிலை தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமையாக்கினார். உவமை மனிதரைப் பற்றியது. நம் கல்யாணச் சந்தையோ அதைத் தலைகீழாக்கி, முடி வீழ்ந்தவனையே தாழ்ந்தவனாக்கிவிட்டது. அந்தச் சிறுமையிலிருந்து ஒருவன் மீள விரும்பினால் அவனைப் பழிக்க நாம் யார்? நம் உச்சந்தலை வெறுமையாகியும் பத்தாண்டாகிறது. பொறாமையில் எழுதுகிறோம் என்று எவரேனும் கருதினால் மறுக்கமாட்டோம்.

நம் வேண்டுகோள் ஒன்றே. திருமண நிழற்படத்தில் எப்படித் தெரிவோம் என்று கேட்காதீர்கள், ஐம்பதாம் வயதில் எப்படித் தெரிவோம் என்று கேளுங்கள். அக்கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்லி, கேட்டதைவிடக் குறைவாகத் தருபவரே நல்ல மருத்துவர். இதை அந்த இளைஞரிடம் முன்பே சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. வகுப்பில் அவருக்குப் பின்னிருந்த வரிசைகளில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.