பால்வெட்டு திறமையற்ற தொழிலா?

ஒரு தொழில் திறமை வேண்டிய தொழிலா, அல்லவா என்று தீர்ப்புக் கூறுபவர் யார்? உளி பிடித்த தொழிலாளியா, கோப்பைப் புரட்டும் அதிகாரியா? இது நேற்று எழுந்த கேள்வியன்று. மலேசியத் தமிழ்த் தொழிலாளி இதற்குக் கொடுத்த விலை பெரிது.

1968இல் நாடாளுமன்றம் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் பெற வேண்டும் என்றது அச்சட்டம். குடிமக்கள் கிடைக்காத வேலைக்கே பெர்மிட் என்பது அதன் அடிப்படை. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் மக்களின் கதி என்ன ஆயிற்று? காலமெல்லாம் பால்மரத்தோடு வாழ்ந்தவர்கள், யாரும் செய்யக்கூடிய வேலைதானே இது என்ற ஒரே வாதத்தின் முன் வாயடைத்து நின்றார்கள். ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினர் என்பது ஆய்வாளர் கணக்கு. இன்று போர்ட் கிள்ளான் என்று வழங்கும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், பிரிந்த குடும்பங்களின் கண்ணீரைக் கண்டது.

பால்வெட்டு யாரும் செய்யக்கூடிய வேலையா? அப்படிச் சொல்பவர் உளியை ஒருநாள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பால்குழாய்கள் மரத்தில் நேராக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இறங்க வேண்டும். பட்டையைச் சீவும்போது உள்ளிருக்கும் இளந்தோலுக்கும் உளிக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர் அளவே. ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அங்கே வெட்ட முடியாது. பால்குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கும் வைகறையில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் இந்த அளவு தவறாமல் வெட்டும் கை திறமையற்ற கையா?

உலகமும் அப்படிச் சொல்லவில்லை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு, பால்வெட்டுத் தொழிலாளியைத் திறமையுள்ள விவசாயத் தொழிலாளர் என்ற ஆறாவது பிரிவில் வைத்திருக்கிறது. மலேசியத் தொழில் வகைப்பாடும் அதைத் தழுவியதே. ஆனால் நாட்டின் கணக்கெடுப்பு என்ன செய்கிறது? முதல் மூன்று பிரிவுகளையே முழுத்திறமை என்று எண்ணுகிறது. நான்கு முதல் எட்டு வரை அரைத்திறமை! பெயரில் திறமை, கணக்கில் அரைத்திறமை. நான்காவது பிரிவில் அடங்கும் நம் கிராணிமார்களுக்கும் இதே கதிதான்.

விசாவில் இவ்வேற்றுமை இன்னும் அப்பட்டம். கோலாலம்பூர் அலுவலகங்களுக்கு வரும் அயல்நாட்டு நிபுணர்களுக்கு வேலைவாய்ப்புப் பாஸ் உண்டு. அதைச் சம்பளத் தொகையை வைத்தே வகை பிரிக்கிறார்கள். மேல்வகையினர் குடும்பத்தையும் அழைத்து வரலாம். தோட்டத்துக்கு வருபவருக்கோ தற்காலிக வேலைப் பாஸ். அவர் ஒரே துறைக்கும் ஒரே முதலாளிக்கும் கட்டுப்பட்டவர். குடும்பத்தை அழைத்துவர முடியாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அதையொட்டிச் சம்பளம் கொடுத்துவிட்டு, சம்பளம் குறைவாக இருப்பதால் உனக்குத் திறமை இல்லை என்பது என்ன நியாயம்?

பால்வெட்டைத் திறமைத் தொழில் என்றால் அந்நியர் பெருகி நம் பிழைப்புப் போய்விடாதா என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் இயல்பே, ஆனால் அது திசை தவறிய அச்சம். அந்நியத் தொழிலாளி ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார். நம்மைத் தள்ளுவது அவருடைய திறமையல்ல, அவருக்குக் கொடுக்கப்படும் மலிவுக் கூலி. திறமையற்றவர் என்ற முத்திரை அவர் கூலியை இறக்குகிறது. அவர் கூலி நம் கூலியை இறக்குகிறது.

நம் பிள்ளைகள் வெளிநாடு செல்லும்போதும் இதே வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் பதவியின் பெயர் மட்டும் போதாது. செய்யும் வேலை தொழிற்குறியீட்டோடு பொருந்த வேண்டும். 2025 ஜூலை 22 முதல் புதிதாகச் செல்பவருக்குப் பெரும்பாலும் பட்டப்படிப்புத் தரத்து வேலையே தகுதி. ஆகவே வேலைச் சான்று எழுதும் கிராணி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல தொழிலாளி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் அது சான்று ஆகாது. என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் கருவி, எவ்வளவு சம்பளம், யாருக்கு மேற்பார்வை என்று எழுதுங்கள். அது செக்ரோலோடும் சம்பளச் சீட்டோடும் சேமநிதிக் கணக்கோடும் ஒத்திருக்கட்டும். உள்ளதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். இல்லாததை ஒன்றுகூட எழுதாதீர்கள். பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ, பணம் கொடு, பதவிப் பெயரை உயர்த்தித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் துன்பப்படுபவன் தொழிலாளியே.

நாம் கேட்பது மூன்று. பால்வெட்டைப் பெயரளவில் மட்டுமன்றிக் கணக்கிலும் கூலியிலும் திறமைத் தொழிலாக ஏற்க வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் முறை நடக்கிறது; பள்ளியில் பயிலாமல் வேலையில் கற்றவரின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கவும் அதில் வழியிருக்கிறது. அந்த வழி, சம்பள இழப்பின்றி, தோட்டத்து வாசலுக்கே வர வேண்டும். மூன்றாவதாக, ஒரே நிரையில் வெட்டுபவர் எந்நாட்டவராயினும் ஒரே கூலி பெற வேண்டும்.

சிலாங்கூரில் பால்மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனையும் வீடுகளும் நிற்கின்றன. மரம் போகலாம், அதை வெட்டியவனின் திறமை கணக்கில் ஏறாமலே போய்விடக் கூடாது. 1969இல் நம்மவர் கையில் திறமை இருந்தது, அதைச் சொல்லும் காகிதம் இல்லை. இனி அந்நிலை வர விடமாட்டோம். கிராணியின் பேனாவும் தொழிலாளியின் உளியும் ஒன்றுசேரட்டும்!